துரைசாணிக்குக் கொடுத்த குரல்

மிஸ்ஸி,

மகன் புது சோபா வாங்கி வந்து முன்கூடத்தில் போட்டிருக்கிறான். அதைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக்கைக் கிழிக்கக் கூடாதாம், அழுக்காகிவிடுமாம். உட்கார்ந்தால் தொடை ஒட்டிக்கொள்கிறது. எழுந்தால் சோபா கத்துகிறது. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், அந்த வாடையைத்தான் பொறுக்க முடியவில்லை. வெயில் ஏற ஏறப் புது பிளாஸ்டிக் வாடை வீடு முழுக்கப் பரவுகிறது. எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. உன் ஞாபகம் இல்லை, அலட்டிக்கொள்ளாதே. அந்தத் துரைசாணியின் ஞாபகம்.

நீ இருந்தவரை இதை உன் முகத்துக்கு நேரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு பொம்மைமேல் எவளாவது பொறாமைப்படுவாளா என்று நீயும் ஒவ்வொரு தடவையும் சிரித்தாய். இப்போது சிரிக்க நீ இல்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். சிவப்பு மையைத் தூக்கிக்கொண்டு வராதே.

பொறாமை பொம்மையோடு வந்தது இல்லை. அது நம் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. கித்தாத் தோட்டத்தில் உன் வீடும் என் வீடும் ஒரே லயத்து வரிசை, நடுவில் ஒரு பலகைச் சுவர். நீங்கள் வேதக்காரர்கள். அதனால் பட்டணத்திலிருந்து கன்னியாஸ்திரிகள் வந்தார்கள், உன்னைப் பார்த்தார்கள், இந்தப் பிள்ளை படிக்கட்டும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். என்னைத் தேடி எந்தக் கன்னியாஸ்திரியும் வரவில்லை. பூசாரிதான் வந்தார், திருவிழாவுக்குத் தோரணம் கட்ட ஆள் கேட்டு. நீ லீவுக்கு வெள்ளைக் காலுறையோடு வந்து லோரியிலிருந்து இறங்குவாய். நான் விரலெல்லாம் ரப்பர் மரத்துக் கித்தாப் பால் காய்ந்து பிசுபிசுக்க நிற்பேன். நீ நர்ஸ் படிப்புக்குப் போன வருஷம், “மிஸ்ஸி வர்றாங்கடி, எல்லாரும் ஊசிக்குக் கைய நீட்டுங்க” என்று லயமே கேட்கக் கத்தினது நான்தான். எல்லா நர்ஸையும் நம் ஊரில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனாலும் உன் பெயரையே எல்லோரும் மறந்துபோகிற அளவுக்கு அதை உன்மேல் ஒட்டவைத்த பெருமை என்னுடையது.

எனக்கும் ஒரு திறமை இருந்தது. விடியாத நேரத்தில் பெரட்டுக்கு ஆள் கணக்கெடுக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் சுருண்டு விழுந்தால் கங்காணியே பயந்துபோவார். டிரெசர் கொடுக்கிற கசப்பு மருந்தை வாழைக் கன்றுக்கு ஊற்றிவிட்டு மத்தியானம் வரை தூங்குவேன். அந்த வாழை தார் போட்டதே அதிசயம்.

பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். வீட்டுக்காரருக்கு லகாட் ஈயச் சுரங்கத்தில் லோரி ஓட்டுகிற வேலை கிடைத்தது. நாங்கள் குனோங் ராபாட் வந்தோம். நான் காலையில் தேங்காய்ப்பால் சோற்று நாசி லெமாக் பொட்டலம் கட்டி வீட்டு வாசலில் விற்க ஆரம்பித்தேன். நீ அதற்குள் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ஐசியு வார்டில் இருந்தாய், பாதி நாள் மிஸ்ஸி பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடமும் எடுத்தாய். கல்யாணம் கட்டவில்லை. வேலை முடிந்தால் மோட்டார் சைக்கிளை என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு அடுப்படிக்கு வந்து சட்டியைத் திறந்து பார்ப்பாய்.

ஒரு நாள் சட்டியைத் திறக்கவில்லை. வந்தாய், அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்தாய், கொடுத்த கோப்பியை ஆற விட்டாய். கேலி பண்ணிப் பார்த்தேன், எடுபடவில்லை. அப்புறம்தான் சொன்னாய். மேட்டு லயத்து அக்காவை உனக்கும் எனக்கும் தெரியும், நமக்குத் தலை பின்னி விட்டவர். வயிற்றில் ஆபரேஷன் ஆகி உன் வார்டில் இருந்திருக்கிறார். நீ வேறு கட்டிலில் வேலையாக இருந்தபோது உன் மாணவி ஒருத்தி அவரைப் பார்த்திருக்கிறாள்.

“வலிக்குதான்னு கேட்டிருக்கா. ‘ஒன்னுமில்லம்மா, நீ போய் வேலையப் பாரு’ன்னு அக்கா சொல்லியிருக்கு. இவளும் போயிட்டா. உள்ளுக்குள்ள ரத்தம் ஓடிக்கிட்டே இருந்திருக்குடி. நான் போய்ப் பாக்கறப்போ மிஞ்சிடுச்சு, காப்பாத்த முடியல.”

அந்தப் பெண்ணைத் திட்டினாயா என்று கேட்டேன். எதுக்குத் திட்டணும் என்றாய். கேட்க வேண்டியதைக் கேட்டாள், வந்த பதிலை நம்பினாள். ஈப்போ பட்டணத்துப் பிள்ளைக்குத் தோட்டத்துப் பொம்பளையின் ‘ஒன்னுமில்ல’ எப்படி விளங்கும்? வலிக்கிறது என்று சொன்னால் அன்றைக்கு வேலை இல்லை என்று கணக்கெழுதுகிற கிராணி பெயரை அடித்துவிடுவார். புருஷன் ஏசுவான். மாமியார் நான் பெறாத பிள்ளையா என்பாள். அப்படியே சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் ஐசியு கட்டிலில் படுத்தால் மட்டும் மாற்றிச் சொல்லிவிடுவார்களா?

அப்புறம் நீ என்னையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாய். ஆற விட்ட கோப்பியைக் குடித்துவிட்டுக் கேட்டாய்:

“நீ நல்லாப் பொய் சொல்லுவியே. சின்னப் பிள்ளையில இல்லாத வலிய இருக்குன்னு சொன்னே. இப்போ இருக்குற வலிய இல்லேன்னு சொல்லணும். வருவியா?”

இப்படித்தான் நான் மிஸ்ஸி பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். புதன்கிழமை மத்தியானம். படிப்பவளாக இல்லை, சாகக் கிடப்பவளாக.

எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் என்னை மாடிப்படியில் ஏற்றி இறக்குவாய். நாடி படபடவென்று அடிக்கணும், அதை நடிக்க முடியாது என்பாய். ஐஸ் தண்ணீரில் துண்டை நனைத்து என் நெற்றியிலும் கையிலும் ஒற்றுவாய், நோயாளி உடம்பு சில்லென்று இருக்கணும். கட்டிலில் படுக்கவைத்து என் காதுக்குள்ளே, “இன்னிக்கு இடது விலாவுக்குக் கீழ” என்று ரகசியம் சொல்வாய். பிள்ளைகள் உள்ளே வருவார்கள். நான் எல்லோரையும் சாப்பிட்டாச்சாம்மா என்று விசாரிப்பேன். எங்கே வலிக்கிறது என்றால் ஒன்னுமில்லம்மா என்பேன். பாதிப் பேர் தேங்க் யூ ஆன்ட்டி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். உடனே நீ கதவுப் பக்கத்திலிருந்து சொல்வாய்: “திரும்பி வாங்க. ‘ஒன்னுமில்ல’ன்னு சொன்ன பெறகுதான் நம்ம வேலையே ஆரம்பிக்குது.”

திரும்பி வந்து என்ன செய்யணும் என்று ஒருத்திக்கும் தெரியாது. நீ காட்டிக்கொடுப்பாய். பேசாமல் நில், நாடியைப் பிடி, மறுபடி கேட்காதே, காலைப் பார். வாயும் முகமும் பொய் சொன்னாலும் நம் பொம்பளைகளுக்குக் கால் கட்டைவிரல் மடங்கிக்கொள்ளும், அது பொய் சொல்லாது என்பாய். நான் அதுவரை என் கால் விரலை அப்படிப் பார்த்ததே இல்லை. நாடகம் நன்றாக இருந்தது என்று ஒரு தடவை சொன்னேன். “நாடகம் இல்ல லா, சிமுலேஷன்” என்றாய். அந்தச் சொல் எனக்கு வாயில் நுழையவில்லை. நாடகம் என்றே வைத்துக்கொண்டேன்.

அந்தப் பிள்ளைகள்மேலும் எனக்குப் பொறாமைதான், மறைக்கவில்லை. அவர்கள் விரலைப் பிடித்து என் மணிக்கட்டில் வைத்து நாடியைத் தேடிக் காட்டுவாயே, அந்தப் பொறுமையை என்னிடம் எப்போதாவது காட்டியிருக்கிறாயா? நான் கதை சொன்னால் பாதியில் கொட்டாவி விடுகிறவள் நீ. ஆனால் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு என் ஈரத் தலையை நீயே துவட்டிவிடுவாய். ரெண்டு பேரும் எதிர்க்கடையில், சீவின ஐஸில் பாகு ஊற்றித் தருகிற ஐஸ் கச்சாங் சாப்பிடுவோம். என் புருஷனையும் உன் மேட்ரனையும் கிழிகிழியென்று கிழிப்போம். வாரத்தில் மற்ற நாளெல்லாம் நான் அந்த ஐஸுக்குத்தான் பொட்டலம் கட்டினேன்.

அப்புறம் உன்னை லண்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள். நீ எழுதிய கடிதாசியை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பனி, லண்டன் பிரிட்ஜ், ராணி வீடு எதுவும் இல்லை. அங்கே பொம்மையை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள், பொம்மை அப்படி, பொம்மை இப்படி. வந்து இறங்கிய கொஞ்ச நாளில் உன் பின்னாலேயே பெரிய பெட்டி ஒன்றும் கப்பலில் வந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். மூடியைத் திறந்ததும் அந்த வாடை. உள்ளே மஞ்சள் தலைமுடியோடு ஒரு வெள்ளைக்காரி, கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தோட்டத்துப் பெரிய துரையின் பெண்சாதியை அச்சாக வார்த்ததுபோல இருந்தாள். நம் லயத்துப் பக்கம் அந்த அம்மா வந்தாலே மூக்கைத் துணியால் மூடிக்கொள்வாரே.

“துரைசாணி ஏன் நம்ம ஊர் வந்தாங்க?” என்றேன். நீ சிரித்தாய். நாம் வெட்டிய கித்தாப் பால்தான் சீமைக்குப் போய் இப்படித் திரும்பி வந்திருக்கு, நமக்குச் சொந்தக்காரிதான் என்றேன். அதற்கும் சிரித்தாய். ஆனால் உன் கண் என்மேல் இல்லை. வாயில் ஊதினால் அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. மறைவில் ஒரு ரப்பர் பந்தை அமுக்கினால் அவள் கழுத்தில் நாடி துடித்தது. படியேற வேண்டாம், ஐஸ் தண்ணீர் வேண்டாம், ஐஸ் கச்சாங்கும் வேண்டாம். நீ ஈரத் துணியால் அவள் முகத்தைத் துடைத்தாய், தலையைச் சீவிவிட்டாய். எனக்கு அடிவயிற்றில் எரிந்தது. இந்தத் தடவை நடிக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை கிளம்பி நிற்கிறேன், பக்கத்து வீட்டு போனுக்கு உன் சேதி வந்தது. இந்த வாரம் வேண்டாம், பொம்மை இருக்கிறது. அதற்கடுத்த வாரமும் வேண்டாம். பிறகு சேதி சொல்வதையும் நிறுத்திவிட்டாய். நான் என்ன சும்மா இருப்பேனா? தீபாவளிக்கு லகாட்டில் இருக்கிற நாத்தனார் வரைக்கும் முறுக்கு போனது, உன் வீட்டுக்குப் போகவில்லை. நீ கிறிஸ்மஸ் கேக்கை என் மகனிடம் கொடுத்தனுப்பினாய். நான் அதை நன்றாகச் சாப்பிட்டேன், ஆனால் நன்றி சொல்லவில்லை. வாங்குகிற ஆளிடமெல்லாம், “நம்மள மாதிரி ஆளு வேணாங்க, இப்பல்லாம் பொம்மைதான்” என்று சொல்லிக்கொண்டே பொட்டலத்தைக் கொடுப்பேன். அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. எனக்குக் கொஞ்சம் ஆறும்.

ஒரு நாள் சாயங்காலம் நீயே வந்தாய். கையில் கேசட் ரெக்கார்டர். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எதுவுமே நடக்காததுபோலப் பேசினாய். துரைசாணியை வைத்துப் பழகிய பிள்ளைகளுக்குக் கை நன்றாக ஓடுகிறதாம். வாயில் குழாய் போடுகிறார்கள், நெஞ்சை அமுக்குகிறார்கள், தப்பே இல்லை. ஆனால் வார்டுக்குப் போனால் நோயாளியையும் பொம்மை மாதிரியே பார்க்கிறார்களாம், மிஷினைப் பார்க்கிறார்கள், ஆளைப் பார்ப்பதில்லையாம்.

“அவளுக்கு எல்லாம் இருக்கு. பொய் சொல்லத்தான் தெரியல. உன் குரலப் புடிச்சு அவ தலகாணிக்கு அடியில வைக்கப் போறேன்” என்றாய்.

எனக்கு வந்ததே கோபம். “என் எடத்தையும் அவளுக்குக் குடுத்தே. இப்போ என் வாயையும் எடுத்துக் குடுக்கணுமா? புருஷனையும் அனுப்பி வைக்கட்டுமா, அவரும் சும்மாத்தான் இருக்காரு.”

நீ சிரிக்கவில்லை. “கைய நீட்டு” என்றாய். நீட்டவில்லை. நீயே என் கையைப் பிடித்து இழுத்து நாடியில் விரலை வைத்தாய். எதுவும் பேசாமல் அப்படியே இருந்தாய். அடுப்பில் குழம்பு கொதித்து வழிந்தது, அதையும் எழுந்து பார்க்க விடவில்லை.

“நான் லண்டனுக்குப் போறதுக்கு முன்ன, கடைசியாப் படியேறினியே, ஞாபகம் இருக்கா? வகுப்பு முடிஞ்சும் உன் நாடி எறங்கவே இல்ல. ஐஸ் கச்சாங் கடையில நானே கேட்டேன், என்னடி பண்ணுதுன்னு. ஒன்னுமில்லேன்னே. நான் நம்பிட்டேன்னு நெனச்சியா? லண்டன்ல இருந்தப்பவும் அதே நெனப்புதான். திரும்பி வந்து உன்னைய எப்படிடி மறுபடியும் படியேற விடுவேன்?”

அதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கத்தினேன். சொன்னால் நீ கேட்பியா, படியேறியே காட்டுவே என்றாய். அது உண்மைதான். மறுநாளே என்னைக் காதைப் பிடிக்காத குறையாக டாக்டரிடம் இழுத்துப் போனாய். அந்த மாத்திரையை இன்றைக்கும் விழுங்குகிறேன். ஆனால் அன்று சாயங்காலம் நான் நினைத்தது நெஞ்சைப் பற்றி இல்லை. சீமைக்குப் போய் ஒரு வருஷம் இருந்தவள் என் நாடியையும் கூடவே தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். துரைசாணிக்கு நாடி துடிக்கணும் என்றால் நீ பந்தை அமுக்கணும். என்னுடையதை நீ மறக்கவே இல்லை.

அதனால் குரலைக் கொடுத்தேன், கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுத்தான். அடுப்படியில் பாய் போட்டுப் படுத்து, சாப்பிட்டாச்சாம்மா, ஒன்னுமில்லம்மா, போய் வேலையப் பாரும்மா என்று விதவிதமாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுச் சேவல் நடுவில் கூவிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி சொல்கிறேன் என்றேன், நீ இருக்கட்டும் என்றாய். ஐசியுவில் ஏன் சேவல் கூவுகிறது என்று பிள்ளைகள் வருஷா வருஷம் கேட்டார்களாம்.

அந்தக் கேசட்டை வைத்து நீ ஆராய்ச்சி செய்தாய். ஒரு கூட்டம் பிள்ளைகளை வெறும் பொம்மையோடு பழக்கினாய். இன்னொரு கூட்டத்தை என் குரல் வைத்த பொம்மையோடு பழக்கினாய். அப்புறம் வார்டில் யார், ஒன்னுமில்ல என்று சொன்ன கட்டிலுக்குத் திரும்பிப் போகிறார்கள் என்று ஓரமாக நின்று பார்த்தாய். என் கூட்டம்தான் திரும்பிப் போனது. இதைக் கோலாலம்பூரில் பெரிய டாக்டர்கள் முன்னால் இங்கிலீஷில் படிக்கணும் என்று என் அடுப்படியில் நின்று ஒத்திகை பார்த்தாய். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் நீ எங்கே தடுமாறுகிறாய் என்று விளங்கியது. அங்கே நிறுத்தி நிறுத்திக் கேலி செய்தேன். போய் வந்ததும் கை தட்டினார்களா என்றேன். தட்டினார்கள் என்றாய். உனக்கா, துரைசாணிக்கா, எனக்கா என்றேன். சேவலுக்கு என்றாய். அன்றைக்கு உன்னை என்னால் மடக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு உனக்குப் பேர் வந்தது. தைப்பிங்குக்கும் தெலுக் இந்தானுக்கும் துரைசாணியைக் காடியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாடம் எடுத்தாய். அவளை முன் சீட்டில் உட்காரவைத்துப் பெல்ட் போட்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். நான் ஏறினால் மட்டும் பின் சீட்டு, ஏனென்றால் முன்னால் உட்கார்ந்தால் அதிகமாகப் பேசுகிறேனாம்.

உனக்கு உடம்பு முடியாமல் போனதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. அதில்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. இளைத்துவிட்டாயே என்று எல்லோரும்தான் கேட்டோம். வேலை ஜாஸ்தி என்றாய். உன் மாணவிதான், இப்போது ஐசியுவில் சிஸ்டராக இருக்கிறாளே அவள், கூட்டத்தில் உன் எதிரே உட்கார்ந்திருந்தவள், மேசைக்கு அடியில் உன் செருப்பில்லாத காலைப் பார்த்திருக்கிறாள். கட்டைவிரல் மடங்கியிருந்ததாம். கூட்டம் முடிந்தும் எழுந்து போகாமல் உன் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்துவிட்டாளாம். நீயே சொல்லிக்கொடுத்த வித்தைக்கு நீயே மாட்டினாய். சொல்லிவிட்டாய். புற்று அதற்குள் தூரம் போயிருந்தது. இருந்தாலும் வலியில்லாமல் வைத்திருக்க அவர்களுக்குக் கொஞ்ச காலம் கிடைத்தது. அவளுக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டவள். அவளைப் பார்த்தால் எனக்குப் பிடிக்கவும் இல்லை. ரெண்டும் உண்மை. உன் கட்டைவிரலை முதலில் பார்த்திருக்க வேண்டியவள் நான்.

உன் அடக்கத்தன்று கோயில் நிறைய வெள்ளைச் சட்டை. லூமுட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் என் மிஸ், என் மிஸ் என்று அழுதாள். எத்தனை பேருக்கடி நீ ‘என்’? நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு சின்னப் பெண் பக்கத்தில் உட்காரட்டுமா ஆன்ட்டி என்று கேட்டாள், நானும் உட்காரும்மா, ஒன்னுமில்லம்மா என்றேன். அவள் அப்படியே நின்றுவிட்டாள். என் குரல் கேட்டுத் திரும்பிப் பார்த்து இன்னும் நாலு பேர் நின்றார்கள். மிஸ் ஒவ்வொரு தடவையும் கேசட்டைப் போடுவதற்கு முன்னால், “இது என் சினேகிதி. நல்லாப் பொய் சொல்லுவா. ஏமாந்துராதீங்க” என்று சொல்வாராம். அவர்கள் யாரும் ஏமாறவில்லை. என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள், ஒருத்தியும் பேசவில்லை. எனக்கு அப்புறம்தான் அழுகை வந்தது.

இப்போது என் வாசலில் காலையில் பொட்டலம் வாங்க ஒரு பெண் வருகிறாள். தொழிற்சாலையில் வேலை, அடுத்த வரிசையில் அறை எடுத்துத் தனியாக இருக்கிறாள். போன வாரம் முகம் சரியில்லை. என்னம்மா என்றேன். ஒன்னுமில்லக்கா என்று கையை நீட்டினாள். நான் பொட்டலத்தைக் கொடுக்கவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை. கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். அவள் தொழிற்சாலை பஸ் வந்தது, போய்விட்டது. அப்புறம் என் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். என்னவென்று இங்கே எழுத மாட்டேன், அது அவளுடையது. நேராகும், நான் பார்த்துக்கொள்வேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பும்போது கேட்டாள்: “எப்படிக்கா தெரிஞ்சிச்சு உங்களுக்கு?”

“எனக்குப் பொறந்ததுலேர்ந்தே அப்படிதான் லா” என்றேன்.

உன் பெயரைச் சொல்லவில்லை மிஸ்ஸி. சொல்லவும் மாட்டேன். உன் பெயரைச் சொல்லப் பேராக் முழுக்க ஆள் இருக்கிறது. குனோங் ராபாட்டில், இந்த ஒரு வாசலில் மட்டும், அந்த வித்தை என்னுடையது.